தானுந்து சப்வூஃபருக்கு மிகைப்பித் திறனைப் பொருத்துதல்

தானுந்து சப்வூஃபருக்கு மிகைப்பித் திறனைப் பொருத்துதல் என்பது, கார் போன்ற தானுந்துகளில் தாழ்ந்த சுரங்களை ஒலிப்பதற்கென அமைக்கப்படும் சப்வூஃபர் என்னும் ஒலிபெருக்கிக்கும், அதனை இயக்கும் மிகைப்பிக்கும் இடையே திறன், மின்மறிப்பு, மின் வழங்கல் ஆகிய மூன்றும் ஒத்திருக்குமாறு தெரிவு செய்து இணைப்பதாகும். மிகைப்பி பேச்சு வழக்கில் ஆம்ப்ளிபயர் அல்லது ஆம்ப் எனப்படுகிறது. பொருத்தம் தவறினால் ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் கருகலாம், மிகைப்பி பழுதடையலாம், கம்பிகள் சூடேறி வண்டியே தீப்பற்றவும் கூடும். இவற்றுள் முதல் இரண்டும் பண இழப்போடு முடிபவை. மூன்றாவது உயிருக்குத் தீங்கானது. எனவே இப்பொருத்தம் ஒலியின் தரத்தை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் சார்ந்ததாகும்.

பின்னணி

இன்றைய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இயங்கு சுருள் வகையைச் சேர்ந்தவை. இவ்வகையின் நடைமுறை வடிவத்தைச் செசுட்டர் ரைசு, எட்வர்டு கெல்லாக்கு ஆகிய இருவரும் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நிலைக்காந்தம் ஒன்றின் இடைவெளியில் கம்பிச்சுருள் ஒன்று தொங்கவிடப்பட்டுள்ளது. அதனூடே மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைந்து, தன்னுடன் ஒட்டப்பட்ட கூம்பை அசைக்கிறது. கூம்பின் அசைவே காற்றில் ஒலியாகப் பரவுகிறது.

சப்வூஃபர் பொதுவாக 20 முதல் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை ஒலிக்கிறது. ஒரே ஒலியளவைத் தருவதற்கு, அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் அசையும் கூம்பு, அதே ஒலியளவை 40 ஹெர்ட்ஸில் தர 8 மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். இதனாலேயே சப்வூஃபர்களின் கூம்பு பெரிதாகவும், சுருள் நீளமாகவும், அவற்றுக்குத் தேவைப்படும் திறன் மிகுதியாகவும் உள்ளன.

இயங்கு சுருள் ஒலிபெருக்கி செயல்திறன் குறைந்த கருவியாகும். ஒரு வாட்டு கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது 88 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி, பெற்ற மின்திறனில் ஏறத்தாழ 0.4 விழுக்காட்டை மட்டுமே ஒலியாக மாற்றுகிறது. 300 வாட்டு செலுத்தினால் ஏறக்குறைய 299 வாட்டு சுருளிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வெப்பமாகிறது. சலவைப் பெட்டி ஒன்றின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, விரல் நீளமே உள்ள சுருளில் தோன்றுகிறது எனக் கொள்ளலாம். பொருத்தம் பற்றிய விதிகள் அனைத்தும் இவ்வுண்மையிலிருந்தே பிறக்கின்றன.

திறன் அளவுகள்

கடையில் விற்கும் பெட்டிகளின் மேல் அச்சிடப்படும் திறன் அளவுகள் ஒரே பொருள் கொண்டவை அல்ல. பெரும்பாலும் இரண்டு வகைகள் காணப்படுகின்றன.

தொடர் திறன்: கருவி நீண்ட நேரம் தாங்கக்கூடிய அல்லது தரக்கூடிய சராசரித் திறன். இது ஆர்.எம்.எசு. வாட்டு எனக் குறிக்கப்படுகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கச் சராசரி மூலத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால் இப்பெயர் அமைந்தது.

உச்சத் திறன்: ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் தாங்கக்கூடிய அளவு. இது தொடர் திறனைப் போல் இரு மடங்கு முதல் பல மடங்கு வரை அச்சிடப்படுகிறது. அளக்கும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், பொருத்தம் பார்ப்பதற்கு இவ்வளவு பயன்படாது.

காரின் முகப்புப் பலகையில் பொருத்தப்படும் ஒலிக்கருவி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் மீது பலவேளைகளில் 50 வாட்டு × 4 என எழுதப்பட்டிருக்கும். இயந்திரம் ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டு. மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று ஏதும் இல்லாத கருவி, 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் சைன் அலையாகத் தரக்கூடிய பேரளவு, 14.4 இன் வர்க்கத்தை 8 ஆல் வகுத்தால் கிடைக்கும் 26 வாட்டு மட்டுமே. உள் இழப்புகள் போக நடைமுறையில் கிடைப்பது 20 வாட்டு அளவில் இருக்கும். அலை முழுவதும் சதுரமாகச் சிதைந்த நிலையில் மட்டுமே 14.4 இன் வர்க்கத்தை 4 ஆல் வகுத்த 52 வாட்டு என்னும் எண் தோன்றுகிறது. பெட்டியில் காணப்படும் 50 வாட்டு என்பதன் பிறப்பிடம் இதுவே.

இக்குழப்பத்தைக் குறைப்பதற்காக அமெரிக்க நுகர்வோர் மின்னணுப் பொருள் உற்பத்தியாளர் அமைப்பு 2003ஆம் ஆண்டில் சி.இ.ஏ. 2006 என்னும் தரத்தை வெளியிட்டது. அதன்படி மிகைப்பியின் திறன் 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 விழுக்காட்டைத் தாண்டாத நிலையில் அளக்கப்படுகிறது. இக்குறியீடு உள்ள கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது எளிது. இல்லாதவற்றில் பயனர் கையேட்டிலுள்ள தொடர் திறன் அட்டவணையையும் உருகியின் அளவையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 30 ஆம்பியர் உருகி மட்டுமே உடைய மிகைப்பி 13.8 வோல்ட்டில் பெறுவது ஏறத்தாழ 414 வாட்டு ஆகும். பெறுவதைவிட மிகுதியாகத் தொடர்ந்து தர எந்தக் கருவியாலும் இயலாது. அதன் மீது 2000 வாட்டு என எழுதியிருப்பின், அது தொடர் திறன் அன்று எனத் தெளியலாம்.

மின்மறிப்பு

மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு மின்மறிப்பு எனப்படும். இது ஓம் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. வீட்டு ஒலிபெருக்கிகளில் 8 ஓம் பரவலாக உள்ளது. தானுந்துகளில் 4, 2, 1 ஓம் ஆகியன வழக்கத்தில் உள்ளன. மின்மறிப்புக் குறையக் குறைய மிகைப்பியிலிருந்து மிகுதியான மின்னோட்டம் பாய்கிறது. ஒவ்வொரு மிகைப்பிக்கும் தாங்கக்கூடிய கீழெல்லை உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட சுமையை இணைத்தால் மிகைப்பி சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். காப்புச் சுற்று இல்லையெனில் எரிந்துபோகும்.

சப்வூஃபர்கள் பலவற்றில் இரண்டு சுருள்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் முறையைப் பொறுத்து மொத்த மின்மறிப்பு மாறும்.

* 4 ஓம் சுருள்கள் இரண்டு, தொடரிணைப்பில்: 8 ஓம்
* 4 ஓம் சுருள்கள் இரண்டு, பக்க இணைப்பில்: 2 ஓம்
* 2 ஓம் சுருள்கள் இரண்டு, தொடரிணைப்பில்: 4 ஓம்
* 2 ஓம் சுருள்கள் இரண்டு, பக்க இணைப்பில்: 1 ஓம்

இரண்டு தடங்கள் கொண்ட மிகைப்பியைப் பாலமிட்டு, அதாவது இரு தடங்களையும் ஒன்றாக்கி, ஒரே சப்வூஃபரை இயக்குவதும் உண்டு. அந்நிலையில் ஒவ்வொரு தடமும் சுமையின் பாதியையே காண்கிறது. ஒரு தடத்துக்கு 2 ஓம் வரை தாங்கும் மிகைப்பியைப் பாலமிட்டால் அதனுடன் இணைக்கக்கூடிய மிகக் குறைந்த சுமை 4 ஓம் ஆகும். 2 ஓம் சப்வூஃபரை இணைத்தால் ஒவ்வொரு தடமும் 1 ஓம் சுமையைச் சுமக்கும்.

இணைக்கும் முன் சுருளின் மின்தடையைப் பன்னளவி கொண்டு அளந்து பார்த்தல் நன்று. 4 ஓம் எனக் குறிக்கப்பட்ட சுருள், நேர்மின்தடையாக 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டுவது இயல்பு. ஏறத்தாழச் சுழியம் காட்டினால் சுருள் குறுக்குச்சுற்று ஆகியுள்ளது. அளவீடே காட்டாவிடில் சுருள் அறுந்துள்ளது. குறுக்குச்சுற்றான சுருளைப் புதிய மிகைப்பியோடு இணைத்தால் மிகைப்பியும் கெடும்.

விழாக்களில் பயன்படும் ஒலிபெருக்கிக் கருவிகளையும் தானுந்துக் கருவிகளையும் கலந்து இணைப்பது தனி இடராகும். விழா மிகைப்பிகளின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளுடன் 70 வோல்ட்டு, 100 வோல்ட்டு முனைகளும் இருக்கும். பின்னவை, மின்மாற்றி பொருத்தப்பட்ட குழாய் ஒலிபெருக்கிகளை நெடுந்தொலைவுக்கு இணைப்பதற்கானவை. 4 ஓம் சப்வூஃபரை 100 வோல்ட்டு முனையில் இணைப்பது, 2500 வாட்டுக்குரிய சுமையை மிகைப்பியின் மீது ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

எவ்வளவு திறன் வேண்டும்

எளிய விதி வருமாறு: சப்வூஃபர் இணைக்கப்படும் மின்மறிப்பில் மிகைப்பி தரும் தொடர் திறன், சப்வூஃபரின் தொடர் திறனில் 75 முதல் 100 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். இரு எண்களும் தொடர் திறனாக இருப்பதும், மிகைப்பியின் திறன் அதே ஓம் அளவில் எடுக்கப்பட்டிருப்பதும் இன்றியமையாதவை.

திறனைக் கூட்டுவதால் கிடைக்கும் ஒலிப் பயன் பலர் எண்ணுவதைவிடக் குறைவு. திறன் இரு மடங்கானால் ஒலியளவு 3 டெசிபெல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் தேவைப்படும். எனவே 300 வாட்டுக்குப் பதிலாக 400 வாட்டு மிகைப்பி வாங்குவதால் வரும் வேறுபாடு 1.25 டெசிபெல். அதனைச் செவி அரிதாகவே உணரும். பெட்டியின் அமைப்பைச் சீராக்குதல் இதைவிட மிகுந்த பயன் தரக்கூடும்.

சப்வூஃபருக்கு இருவகை எல்லைகள் உள்ளன. முதலாவது வெப்ப எல்லை. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது. சுருளின் வெப்பநிலை 200 பாகை உயர்ந்தால் மின்தடை 1.8 மடங்காகிறது, ஒலியளவு தானாகவே தணிகிறது. ஓட்டுநர் ஒலி குறைந்துவிட்டதாக எண்ணி மேலும் கூட்டுவார். அதன்பின் சுருளைப் பிடித்திருக்கும் பசை இளகிச் சுருள் அவிழ்கிறது.

இரண்டாவது அசைவு எல்லை. கூம்பு தன் எல்லையைத் தாண்டி அசைந்தால் சுருள் காந்தத்தின் அடித்தகட்டில் மோதும். துளையுள்ள பெட்டியில், பெட்டி இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் தாங்குதல் நீங்கிவிடுவதால், குறைந்த திறனிலேயே இவ்வாறு நேரலாம். ஆகையால் துளைப்பெட்டிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டி தேவை. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றே வில்லைப் போலச் செயற்பட்டுக் கூம்பைக் கட்டுப்படுத்துகிறது.

அலை வெட்டுப்படுதல்

மிகைப்பி தன்னால் இயன்ற மின்னழுத்தத்தைத் தாண்டித் தர முற்படும்போது அலையின் முகடுகள் தட்டையாக வெட்டுப்படுகின்றன. பட்டறை வழக்கில் இது கிளிப்பிங் எனப்படும். ஒரே உச்ச மின்னழுத்தம் கொண்ட சைன் அலையைவிடச் சதுர அலை இரு மடங்கு திறன் கொண்டது. ஆகவே 300 வாட்டு மிகைப்பி முற்றிலும் வெட்டுப்பட்ட நிலையில், மின் வழங்கல் இடங்கொடுத்தால், 600 வாட்டை நெருங்கலாம்.

சிறிய மிகைப்பியே ஒலிபெருக்கியை எரிக்கிறது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது பாதி மட்டுமே உண்மை. 500 வாட்டு சப்வூஃபரை 100 வாட்டு மிகைப்பி முழுதும் வெட்டுப்பட்ட நிலையில் இயக்கினாலும் சுருள் பெறுவது 200 வாட்டைத் தாண்டாது. சுருள் எரிய வாய்ப்பில்லை, ஒலி மட்டும் கரகரக்கும். ஆனால் 300 வாட்டு சப்வூஃபரை 250 வாட்டு மிகைப்பியால் இயக்குபவர், அளவு குறைவுதானே எனக் கருதிக் கட்டுப்பாடுகளை இறுதி வரை திருகினால், சுருள் 400 வாட்டுக்கு மேல் பெறக்கூடும். கெடுதல் செய்வது சுருளை அடையும் சராசரித் திறனே. மிகைப்பியின் சிறுமை அன்று.

மிகைப்பியிலுள்ள பேசு பூசுட்டு என்னும் தாழொலி உயர்த்தியும் இவ்வகையிலேயே இடர் தருகிறது. 6 டெசிபெல் உயர்த்துதல் அந்த அதிர்வெண்ணில் நான்கு மடங்கு திறனையும், 10 டெசிபெல் உயர்த்துதல் பத்து மடங்கு திறனையும் கோருகிறது. இதனைச் சுழியத்தில் வைத்தலே முறை.

வாகனத்தின் மின் வழங்கல்

மிகைப்பி தரும் திறன் அனைத்தும் வாகனத்தின் பேட்டரியிலிருந்தும், இயந்திரத்தால் சுழற்றப்படும் ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கியிலிருந்தும் வர வேண்டும். முழுதும் மின்னேற்றப்பட்ட பேட்டரி, இயந்திரம் நிற்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட்டும் காட்டும்.

தேவைப்படும் மின்னோட்டம் = மிகைப்பியின் தொடர் திறன் ÷ செயல்திறன் ÷ மின்னழுத்தம்

500 வாட்டு தரும் ‘டி’ வகுப்பு மிகைப்பியின் செயல்திறன் 80 விழுக்காடு எனக் கொண்டால் அது 625 வாட்டு பெறும், 13.8 வோல்ட்டில் இது 45 ஆம்பியர். செயல்திறன் 55 விழுக்காடாக உள்ள ‘ஏபி’ வகுப்பு மிகைப்பி அதே திறனுக்கு 66 ஆம்பியர் கேட்கும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர் தருவது. அதிலிருந்தே முகப்பு விளக்கு, குளிர்சாதனம், எரிபொருள் எக்கி ஆகியனவும் இயங்க வேண்டும். இசையில் ஒலி விட்டுவிட்டு வருவதால் சராசரித் தேவை உச்சத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழாக இருக்கும் என்பது ஓர் ஆறுதல். தாளத்துக்கு ஏற்ப முகப்பு விளக்கு மங்கி மங்கி எரிந்தால் எல்லை நெருங்கிவிட்டது என அறியலாம்.

இக்குறையைப் போக்க 1 பாரடு மின்தேக்கி விற்கப்படுகிறது. அது 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தரும் ஆற்றல் ஏறத்தாழ 32 சூல் மட்டுமே. மேற்கண்ட 625 வாட்டுத் தேவைக்கு இது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரமே போதும். கணநேரத் தாழ்வைச் சற்றுத் தணிப்பதன்றி, ஆல்டர்னேட்டரின் பற்றாக்குறையை மின்தேக்கி ஈடுசெய்யாது.

கம்பியும் உருகியும்

தானுந்து ஒலியமைப்பில் தீவிபத்துக்கு இடமளிக்கும் பகுதி, பேட்டரியிலிருந்து டிக்கி வரை செல்லும் மின்வழங்கு கம்பியாகும். வாகனத்தின் உடற்பகுதி முழுவதும் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருப்பதால், நேர்முனைக் கம்பியின் காப்புறை எங்கு தேய்ந்து உலோகத்தைத் தொட்டாலும் குறுக்குச்சுற்று உண்டாகும். பேட்டரி அப்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைச் செலுத்தும். கம்பி சில நொடிகளில் செஞ்சூடாகும். மிகைப்பியின் உள்ளே இருக்கும் உருகி இதனைத் தடுக்காது. ஏனெனில் மின்னோட்டம் மிகைப்பியை அடைவதே இல்லை.

எனவே பின்வருவன கட்டாயமானவை.

* பேட்டரியின் நேர்முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் முதன்மை உருகி பொருத்துதல்.
* உருகியின் அளவு, கம்பி தாங்கும் மின்னோட்டத்தைத் தாண்டாதிருத்தல். முதன்மை உருகி காப்பது கம்பியையே.
* எரிந்த உருகிக்குப் பதிலாகக் கம்பித் துண்டையோ பெரிய உருகியையோ வைக்காதிருத்தல்.
* இயந்திர அறைத் தடுப்பைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் பொருத்துதல்.
* கம்பியை இருக்கைத் தண்டவாளம், கூர்மையான தகடு, புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றிலிருந்து விலக்கிக் கட்டுதல்.
* வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, முடிந்தபின் அதனை இறுதியில் மாட்டுதல்.

கம்பியின் தடிமனையும் கணக்கிடலாம். 5 மீட்டர் நீளமுள்ள 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.0215 ஓம். வீட்டு மின்னமைப்பில் பயன்படும் இக்கம்பியில் 45 ஆம்பியர் பாய்ந்தால் ஏறக்குறைய 1 வோல்ட்டு இழக்கப்படும்; 43 வாட்டு வெப்பம் கம்பியிலேயே தோன்றும். அதே நீளமுள்ள 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.24 வோல்ட்டு, வெப்பம் 11 வாட்டு. வீட்டுக் கம்பி இங்கு ஏன் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

மலிவான கம்பித் தொகுப்புகளில் பல, செம்புப் பூச்சுள்ள அலுமினியத்தால் ஆனவை. இவற்றின் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவு. ஆகவே இவற்றை ஒரு படி தடித்த அளவில் வாங்க வேண்டும். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிவது அலுமினியத்தின் அடையாளம்; வெள்ளீயப் பூச்சுள்ள செம்பாயின், சுரண்டியபின் செந்நிறம் தோன்றும்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

தொடர் திறன் 300 வாட்டும், 4 ஓம் சுருள்கள் இரண்டும் கொண்ட சப்வூஃபர் ஒன்றும், 4 ஓம் சுமையில் 180 வாட்டும் 2 ஓம் சுமையில் 300 வாட்டும் தரும், 2 ஓமுக்குக் கீழ் இயங்காத ‘டி’ வகுப்பு மிகைப்பி ஒன்றும் உள்ளன எனக் கொள்வோம்.

# சுருள்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் 2 ஓம். மிகைப்பி 300 வாட்டு தரும். பொருத்தம் சரியானது.
# தொடரிணைப்பில் 8 ஓம். மிகைப்பி ஏறத்தாழ 90 வாட்டு தரும். தீங்கில்லை, ஆனால் ஒலி 5 டெசிபெல் குறையும்.
# மிகைப்பி பெறும் மின்னோட்டம்: 300 ÷ 0.8 ÷ 13.8 = 27 ஆம்பியர்.
# 5 மீட்டர் நீளத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இழப்பு 0.23 வோல்ட்டு. இது ஏற்கத்தக்கது. முதன்மை உருகி 40 ஆம்பியர்.
# இத்தகைய இரண்டாவது சப்வூஃபரையும் சேர்க்க விரும்பினால், நான்கு சுருள்களையும் பக்க இணைப்பில் இணைக்கக் கூடாது. சுமை 1 ஓம் ஆகி மிகைப்பி கெடும். ஒவ்வொன்றின் சுருள்களையும் தொடராக்கி, பின் இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் கிடைக்கும். ஒவ்வொன்றும் 90 வாட்டு பெறும்.

பெருக்கக் கட்டுப்பாட்டை அமைத்தல்

மிகைப்பியில் கெய்ன் எனக் குறிக்கப்பட்ட திருகு ஒலியளவுக் கட்டுப்பாடு அன்று. முகப்புக் கருவி தரும் குறிகையின் மின்னழுத்தத்தோடு மிகைப்பியை இசைவிப்பதே அதன் பணியாகும். பன்னளவி கொண்டு அதனை அமைக்கும் முறை வருமாறு.

# சப்வூஃபர் கம்பிகளை மிகைப்பியிலிருந்து கழற்றுக.
# தாழொலி உயர்த்தி, ஒலிச் சமனாக்கி ஆகியவற்றைச் சுழியத்தில் வைக்க. கெய்ன் திருகை முழுதும் குறைக்க.
# இயந்திரத்தைத் திறந்த வெளியில் ஓடவிட்டு, முகப்புக் கருவியின் ஒலியளவை ஏறத்தாழ முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இயக்குக.
# மிகைப்பியின் வெளியீட்டு முனைகளில் மாறுதிசை மின்னழுத்தத்தை அளந்தவாறே, இலக்கு மின்னழுத்தம் வரும்வரை திருகை மெல்லக் கூட்டுக.
# மிகைப்பியை நிறுத்தியபின் சப்வூஃபரை மீண்டும் இணைக்க.

இலக்கு மின்னழுத்தம் என்பது திறனையும் ஓம் அளவையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்க மூலமாகும். 300 வாட்டு, 2 ஓம் எனின் 600 இன் வர்க்க மூலம், அதாவது 24.5 வோல்ட்டு. 300 வாட்டு, 4 ஓம் எனின் 34.6 வோல்ட்டு. 500 வாட்டு, 2 ஓம் எனின் 31.6 வோல்ட்டு. இவ்வளவுகள் தொடுவோர்க்கு அதிர்ச்சி தரக்கூடியவை; வெற்றுக் கையால் முனைகளைத் தொடலாகாது.

50 ஹெர்ட்ஸைத் தெரிவு செய்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் வீட்டு மின்சாரம் இதே அதிர்வெண் கொண்டதாகையால், மலிவான பன்னளவிகளும் இவ்வதிர்வெண்ணில் சரியாக அளக்கின்றன. எனினும் அலை வெட்டுப்பட்டுள்ளதா என்பதைப் பன்னளவி காட்டாது. அதற்கு அலைகாட்டி வேண்டும். திருகைக் கூட்டியும் இலக்கு மின்னழுத்தம் எட்டவில்லையெனில், மேலும் திருகாமல் அங்கேயே நிறுத்திச் சற்றுக் குறைத்து வைத்தல் வேண்டும். தாழ் கடத்தி வடிகட்டியை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைப்பது பெரும்பாலான தானுந்துகளுக்குப் பொருந்தும்.

தாமிரபரணிக் கழிமுகத்தில்

புன்னைக்காயல் எனவும் எழுதப்படும் புன்னக்காயல், தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்குமிடத்தில், தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ள கடற்கரை ஊராகும். இம்மாவட்டம் 1986ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. உப்பளங்கள் நிறைந்த இக்கரையோரத்தில் தானுந்து ஒலியமைப்புக்குச் சில தனி இடர்கள் உள்ளன.

உப்பு ஈரம் முதலாவது. செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூக்கிறது. தரைமுனைத் திருகு துருவேறுகிறது. இணைப்பின் மின்தடை 0.02 ஓம் மட்டும் கூடினாலும் 45 ஆம்பியரில் 40 வாட்டு வெப்பம் அத்திருகிலேயே தோன்றும். வண்ணப்பூச்சைச் சுரண்டி வெற்று உலோகத்தில் இறுக்கி, மேலே பெட்ரோலியம் செல்லி தடவுவதும், ஆறு திங்களுக்கு ஒரு முறை கழற்றித் துடைப்பதும் நன்று. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி இங்கு ஏற்றது. செம்புப் பூச்சுள்ள அலுமினியம் வெட்டுமுனையில் விரைந்து அரிக்கப்படுவதால் தவிர்க்கத்தக்கது.

வெயில் இரண்டாவது. வெளியே 35 பாகை செல்சியசு இருக்கும்போது, வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 பாகையைத் தாண்டுவது இயல்பு. இருக்கைக்கு அடியில் கம்பளம் சூழ வைக்கப்பட்ட மிகைப்பி அவ்வெப்பநிலையிலிருந்தே தன் பணியைத் தொடங்குகிறது. அதனைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும்.

வெள்ளம் மூன்றாவது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில், அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையோர ஊர்கள் பல நீரில் மூழ்கின. வண்டியின் தரைமட்டத்தில் உள்ள மிகைப்பியின் கம்பி பேட்டரியோடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால், சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்னழுத்தம் உண்டு. நீரில் மூழ்கிய வண்டியில் முதன்மை உருகியைக் கழற்றிவிட்டு, மிகைப்பியைத் திறந்து நன்னீரால் கழுவி உலர்த்திச் சோதித்த பின்னரே மீண்டும் இணைத்தல் வேண்டும். உலர்ந்தபின் எஞ்சும் உப்பும் சேறும் மீண்டும் ஈரமேறினால் மின்சாரத்தைக் கடத்துவன.

செவிப் பாதுகாப்பும் சட்டமும்

உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட தரம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல்லும், சிறார்க்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல்லும் எல்லையாகக் கொள்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகிறது. இக்கணக்கின்படி 110 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு இரண்டரை நிமிடங்களுக்கும் குறைவாகவே கேட்கலாம். மூடிய காரில் சப்வூஃபர் இவ்வளவை எளிதில் எட்டும். டிக்கியை ஒட்டிய பின்னிருக்கையில் குழந்தைகளும் அமர்வதுண்டு என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

தாழ்ந்த அதிர்வெண்களைச் செவி மங்கலாகவே உணர்கிறது. செவியின் இவ்வியல்பைப் பின்பற்றும் ‘ஏ’ எடையிட்ட ஒலிமானி, 50 ஹெர்ட்ஸ் ஒலியை உண்மையைவிட 30 டெசிபெல் குறைத்துக் காட்டும். எனவே மானியில் குறைவாகத் தெரியும் ஒலியும் தெருவிலுள்ள வீடுகளின் சன்னல்களை அதிரச் செய்யக்கூடும். தாழொலி சுவர்களை எளிதில் ஊடுருவும்.

இந்தியாவில் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல், கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. குடியிருப்புப் பகுதிகளில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபெல்லும், இரவில் 45 டெசிபெல்லும் வரம்பாகும். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமையும் அமைதிப் பகுதிகளில் இவை முறையே 50, 40 டெசிபெல். ஒலி மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 சூலை 18 அன்று வழங்கிய தீர்ப்பு, இரவு நேர ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியது. சட்டத்துக்கு அப்பால், பின்னே வரும் அவசர ஊர்தியின் ஒலி ஓட்டுநரின் செவிக்கு எட்ட வேண்டும் என்பதும் ஒலியளவுக்கு ஓர் எல்லையாகும்.

பழுதின் அறிகுறிகள்

* கருகிய பசை நாற்றம்: சுருள் அளவுக்கு மீறிச் சூடேறியுள்ளது. உடனே நிறுத்துக.
* கூம்பைக் கையால் மெல்ல அழுத்தும்போது உரசும் ஒலி: சுருள் உருக்குலைந்துள்ளது.
* மிகைப்பியின் காப்பு விளக்கு எரிதல்: மின்மறிப்பு மிகக் குறைவு, குறுக்குச்சுற்று, அல்லது மிகை வெப்பம்.
* உருகி அடிக்கடி எரிதல்: காரணத்தைக் கண்டறியாமல் பெரிய உருகி இடுதல் கூடாது.
* உருகிப் பெட்டியோ கம்பி முனையோ தொடும்போது சுடுதல்: இணைப்பு தளர்ந்துள்ளது அல்லது கம்பி மெல்லியது.
* இயந்திரத்தின் வேகத்துக்கேற்ப மாறும் இரைச்சல்: தரைமுனை இணைப்பு சரியில்லை.

இவற்றையும் பார்க்க

* ஒலிபெருக்கி
* மிகைப்பி
* மின்மறிப்பு
* ஓமின் விதி
* டெசிபெல்
* உருகி
* புன்னக்காயல்